சீப்புக்கு விழுந்த ஓட்டு

என் வீட்டுக்காரருக்குத் தலைமுடி உதிர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அப்படிப்பட்ட மனுஷன் நகர்மன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போய், வாங்கிக்கொண்டு வந்த சின்னம் சீப்பு. பட்டியலில் கடைசியாக மிஞ்சியது வாளியும் சீப்பும்தானாம். இவரே கேட்டுச் சீப்பை வாங்கியிருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அதைச் சொல்லிவிட்டு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நின்றார்.

"ஏங்க, நீங்க கண்ணாடி பார்த்து எத்தனை நாளாச்சு?" என்றேன்.

"வாளின்னா ஓட்டை வாளின்னு சொல்லிடுவாங்க. சீப்பை என்ன சொல்ல முடியும்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உங்க தலையைப் பார்த்துட்டுச் சிரிப்பாங்க, அவ்வளவுதான்."

"சிரிச்சா ஞாபகம் இருக்கும்ல?" என்றார். இந்த ஆளோடுதான் இருபத்து நாலு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறேன்.

அவர் நின்றதுகூடப் பெரிய விஷயமில்லை. நான் யார் என்று தெரிந்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். எங்கள் ஊரில் கட்சி என்றால் இரண்டுதான். பூட்டு, இல்லையென்றால் படகு. மூன்றாவதாக ஒருத்தர் நின்றால், ஒன்று அவருக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும், இல்லை எதிர்க்கட்சிக்காரன் ஏவி விட்டிருக்க வேண்டும். நான் பூட்டுக் கட்சி. சும்மா கொடி பிடித்தவள் இல்லை. எங்கள் நாலாம் நம்பர் பூத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் ஏஜென்ட். வாக்காளர் பட்டியலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்பின் எட்டு மாடியும் ஏறி இறங்குவேன். யார் ஊரில் இல்லை, யாருக்கு முழங்கால் வலி, யாருடைய மாமியார் நமக்கு, மருமகள் அவர்களுக்கு என்று எல்லாமே பென்சிலில் குறித்து வைத்திருப்பேன். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள் நான். பட்டியல் என்றால் எனக்குக் கை ஊறும். குடியிருப்பில் எனக்குப் பெயரே 'பட்டியல் அக்கா'தான்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள ஆஸ்பத்திரி, ஓட்டல், ஆபீஸ் லிஃப்ட்டையெல்லாம் ஓட வைக்கிறவர் குடியிருக்கும் பிளாக்கில் லிஃப்ட் ஓடாது. பூட்டு ஆட்சியில் ஒருமுறை ரிப்பன் வெட்டினார்கள். நாலு மாதம் ஓடியது. படகு ஆட்சியில் கதவை மாற்றி, பளபளவென்று புது பட்டன் வைத்து, மறுபடி ரிப்பன் வெட்டினார்கள். ஆறு வாரம்தான் ஓடியது. பராமரிப்புக்கு ஆள் போட இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. எட்டாவது மாடியில் ஒரு பேக்கரிக்காரர், இடுப்பு ஆபரேஷன் ஆனவர், ஏழு மாதமாகத் தரையை மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்குவார்கள். அதில் ஒருத்தர் எப்போதும் இவர்.

ஒருநாள் ஐந்தாவது மாடி வளைவில் இவருக்குக் கால் வழுக்கி, நாற்காலி சாய்ந்து, நல்லவேளை சுவரில் முட்டி நின்றது. பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டே, "மெதுவாப்பா. இந்த லிஃப்ட்டுக்கு ரெண்டு தடவை கை தட்டினவன் நான்" என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது இவர் சிரிக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வேட்புமனு கொடுத்துவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேனா?

அன்றைக்குச் சமையலறையில் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு டிவியை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்கு அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க நின்னா யார் ஓட்டு உடையும்? எங்க ஓட்டு. நடுவுல படகுக்காரன் நோகாம ஜெயிச்சுட்டுப் போவான். ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சும்மாவா சொன்னாங்க?"

அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார். "லிஃப்ட்ல எட்டுப் பேர் ஏறலாம். ஒன்பதாவது ஆள் காலை வெச்சதும் மணி அடிக்கும். எல்லாரும் யாரைப் பார்ப்பாங்க?"

"ஒன்பதாவது ஆளை."

"ஏன்? முதல்ல ஏறினவர் நூத்திப்பத்து கிலோ இருப்பார். அவரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. எடை எல்லாருதும்தான். ஆனா கடைசியா வந்தவன்தான் இறங்கணும்."

வாதத்தில் தோற்கும்போது நான் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். "அப்ப இறங்குங்க!" என்று கத்திவிட்டுத் தட்டை டங்கென்று வைத்தேன்.

அந்தத் தட்டையும் எடுத்துத் துடைத்து அடுக்கிவிட்டு அவரே சொன்னார். "நீ உன் கட்சிக்கே போடு. நான் கேக்க மாட்டேன்."

"கேட்டாலும் போட மாட்டேன்."

"தெரியும்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லி முடித்திருப்பேன். குடையை எடுத்துக்கொள், மழை வரும் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அந்தத் 'தெரியும்' என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் ஒரு மாதம் எங்கள் வீடு நாடகக் கொட்டகைதான். காலையில் இருவரும் ஒன்றாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவோம். படியில் நான் மேலே, அவர் கீழே. வெளியூரில் இருக்கும் மகள் போன் பண்ணினால், "ஆளுங்கட்சி பேசுதா, எதிர்க்கட்சி பேசுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவாள். நாலாவது மாடித் தையல்காரி வீட்டு வாசலில் ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் போய் நின்றோம். அவள் உள்ளே கூப்பிட்டு, டீ கொடுத்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க ஓட்டு உங்க வீட்டுக்குத்தான்" என்றாள். கெட்டிக்காரி.

கட்சிச் செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைத் தங்கச்சி என்றுதான் அழைப்பார்.

"தங்கச்சி, உன் பூத்துல ஒரு ஓட்டு சிதறக் கூடாது. உன் வீட்டுக்காரர் நிக்கிறதால எல்லார் கண்ணும் உன் மேலதான். சிதறினா பட்டியலை வேற ஆள் கையில குடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

"என் பூத்தைப் பத்தி எனக்குத் தெரியும், அண்ணே" என்றேன். ரோஷம் வந்துவிட்டது. வழக்கமாக இரண்டு முறை ஏறுகிற படியை அந்தத் தடவை நாலு முறை ஏறினேன். புருஷன் நிற்கிறார் என்று கை தளர்ந்துவிட்டதாக எவனும் சொல்லக் கூடாது பாருங்கள்.

ஓட்டுப்பதிவு அன்று எங்கள் பூத், குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் ஏஜென்ட்டுகள் எல்லாம் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இஸ்திரி போட்ட சட்டையில் சீப்புப் படம் குத்திக்கொண்டு இவர் நின்றுகொண்டிருந்தார். போகிற வருகிற எல்லோருக்கும் கும்பிடு. படகுக்காரனுக்கும் கும்பிடு. நேற்று வரை கதவு தாழ்ப்பாள், ஃபேன், மிக்ஸி என்று இவரைத் தொந்தரவு பண்ணிய ஜனங்கள், இவர் நிற்கிற பக்கம் வந்ததும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

பத்து மணிக்கு இவரும் வந்து ஓட்டுப் போட்டார். திரைக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. சொந்தப் பெயருக்கு நேராக ஒரு முத்திரை குத்த இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளியே வந்து, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஏஜென்ட் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மத்தியானம் வரை வந்தவர்களில் சீப்புக்குப் போட்ட முகம் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் குடிக்க வராந்தாவுக்குப் போனபோது தையல்காரி பக்கத்தில் வந்து நின்று, காதோடு சொன்னாள்.

"அக்கா, பூட்டுக்குத்தான் போட்டேன். உங்களுக்காக."

"எனக்காகவா?"

"அவருக்குப் போடணும்னுதான் நெனச்சேன். மனுஷன் தங்கம். ஆனா உங்க பூத்துல ஓட்டுக் குறைஞ்சா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு… எங்க மாடியில எல்லாருமே அப்படித்தான் பேசிக்கிட்டோம். அவருக்கென்ன, ஜெயிக்கவா போறார்? வீட்டுல ரெண்டு ஓட்டு இருக்கே."

நாலு முறை படி ஏறி நான் சாதித்தது இதுதான். ஒருத்தர்கூட இவர் வேண்டாமென்று பூட்டுக்குப் போடவில்லை. என் முகத்துக்காகப் போட்டிருக்கிறார்கள். என் கையாலேயே என் புருஷன் தலையில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பூத்தில் இவருக்கு விழப் போவது ஒன்று, அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. சைபராக இருந்தால்கூட ஏதோ கோளாறு என்று விட்டுவிடுவார்கள். ஒன்று என்றால் அது யாருடையது என்று ஊருக்கே தெரியும். கட்டின பெண்டாட்டிகூடப் போடவில்லை என்பதும் தெரியும். சாகிறவரை இவரைப் பார்த்தால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். இந்த மனுஷன் அதற்கும் கும்பிடு போடுவார்.

மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் எழுந்து போய் ஓட்டுப் போட்டேன். கை தன்னால் போய்விட்டது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்து, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சீப்பின் மேலேயே ஓங்கிக் குத்தினேன். ஒன்று என்பதை இரண்டாக்கிவிட்டேன். இரண்டுக்கு ஒரு கௌரவம் உண்டு. அந்த இன்னொருத்தர் யார் என்று செயலாளர் கேட்டால், தையல்காரி தலையில் கட்டிவிடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை நகர்மன்றக் கட்டடத்தில் எண்ணிக்கை. ஏஜென்ட்டுகள் மேஜையைச் சுற்றி, வேட்பாளர்கள் சுவரோரம் நாற்காலியில். நாலாம் நம்பர் பெட்டியைத் திறந்து, அடுக்கி, எண்ணி முடித்துத் தேர்தல் அதிகாரி வாசித்தார்.

"பூட்டு இருநூத்தி நாப்பத்தொண்ணு. படகு அறுபத்தெட்டு. சீப்பு ஒண்ணு. செல்லாதது ரெண்டு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செயலாளர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "பாவம், அவர் ஓட்டு மட்டும்தான் விழுந்திருக்கு! தங்கச்சின்னா தங்கச்சிதான்யா. கட்சின்னு வந்துட்டா புருஷன்னுகூடப் பார்க்கல!"

எனக்குச் சிரிப்பு, பாராட்டு எதுவும் காதில் ஏறவில்லை. ஒன்றா? அதெப்படி ஒன்று? நான் குத்தியது எங்கே போனது?

"சார், எண்ணிக்கை தப்பு" என்றேன்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நீங்க எந்தக் கட்சி ஏஜென்ட்மா?"

"பூட்டு."

"பூட்டுக்குத்தான் இருநூத்தி நாப்பத்தொண்ணு இருக்கே. இன்னும் என்ன?"

"பூட்டு கிடக்கட்டும் சார். சீப்புக்கு ரெண்டு இருக்கணும்!"

"அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். "ஒண்ணு அவர் போட்டது. இன்னொண்ணு நான் போட்டது! நானே என் கையால குத்தினேன். எங்க சார் அது?"

செயலாளரின் வாய் திறந்தபடியே நின்றது. என் வாயால் என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. சொன்னது சொன்னதுதான் என்று நிமிர்ந்து நின்றேன்.

"அம்மா, யாருக்குப் போட்டீங்கன்னு இப்படியெல்லாம் சத்தம் போடக் கூடாது" என்றார் அதிகாரி. ஆனாலும் நல்ல மனுஷன். பூட்டுக் கட்டையும் படகுக் கட்டையும் மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டச் சொன்னார். செல்லாத இரண்டையும் எடுத்துக் காட்டினார். ஒன்று வெற்றுச் சீட்டு. இன்னொன்றில் யாரோ பூட்டுக்கும் படகுக்கும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். சீப்பின் மேல் முத்திரை விழுந்த சீட்டு, அந்த ஒரே ஒரு சீட்டுதான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கத்தில் வந்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது.

"விடு" என்றார் மெதுவாக. "ஒண்ணுதான் இருக்கும்."

"அப்ப உங்களோடது?"

"நான் எனக்குப் போடல."

"என்னது?"

"எங்க வேலையில ரிப்பேர் பண்ணினவனே ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடக் கூடாது. வேற ஒரு ஆள் வந்து, ஏறி, ஓட்டிப் பார்த்துதான் போடணும். முப்பது வருஷமா அப்படித்தான். அங்க திரைக்குப் பின்னால ரொம்ப நேரம் நின்னேன். நான் நல்லவன்னு நானே குத்திக்கிறதா? கை வரல."

"அட, பாவி மனுஷா! அப்ப யாருக்குத்தான் போட்டீங்க?"

தரையைப் பார்த்தார். "பூட்டுக்கு."

"பூட்டுக்கா!"

"நீ நாலு தடவை படி ஏறினியே. உன் காலைப் பார்த்தேன், வீங்கியிருந்தது. வேற யாருக்குப் போடுவேன்?"

இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, படகுக்காரர்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. சிரிக்காத ஒரே ஆள் செயலாளர்தான்.

எல்லாப் பெட்டியும் எண்ணி முடிக்க மத்தியானம் ஆனது. படகு முப்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. மற்ற பூத்துகளையும் சேர்த்துச் சீப்புக்கு எண்பத்தாறு. என்னுடையது ஒன்று போக, மீதி அவ்வளவும் இவர் முகம் தெரியாத இடங்களில்தான் விழுந்திருந்தது. நான் ஏறாத மாடிகள்.

செயலாளர் கையை நீட்டினார். "பட்டியலைக் குடு தங்கச்சி. உன் புருஷனால தோத்தோம். அதுகூடப் பரவாயில்ல. நீ பண்ணினதுக்குப் பேரு துரோகம்."

துணிப்பையோடு கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷப் பென்சில் குறிப்பு அதில். பையின் காதை விட மனசு வரவில்லை, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

"அண்ணே, எங்க வீட்டுல பூட்டுக்கு ஒரு ஓட்டு இருக்கு. அவரோடது. அதையாவது பத்திரமா பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குடியிருப்புக்கு வந்து படி ஏறினோம். எங்கள் வீடு இரண்டாவது மாடி. முதல் வளைவில் அவர் நின்றுவிட்டார்.

"உன் பட்டியல் போச்சே" என்றார்.

"போனா போகுது. சனியன் விட்டுது."

"உனக்கு அது உசிராச்சே."

"அதான் தெரியுதுல்ல? சும்மா கிளறாதீங்க."

கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "உன்னை விட்டா எண்பத்தஞ்சு பேர் போட்டிருக்காங்க. யாருன்னே தெரியல. அவங்க கதவை யாராவது போய்த் தட்டணும்."

"நீங்க போய்த் தட்டுங்க."

"நான் தட்டினா ரிப்பேருக்கு வந்திருக்கேன்னு நெனச்சு ஃபேனைக் காட்டுறாங்க. எனக்கு அது வராது. நீ பேசினா மனுஷங்க கேக்கறாங்க. யார் வீட்டுல என்ன கஷ்டம்னு உனக்குத்தான் தெரியும்." தலையைச் சொறிந்துகொண்டார். "அடுத்த தடவை நீ நில்லு."

"நானா?"

"நீதான். உனக்குன்னா நான் போடலாம், அதுல தப்பில்ல."

எத்தனை வேட்பாளர்களைப் பார்த்திருப்பேன். அவர்கள் பெயரை மாடி மாடியாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு டீ போட்டிருக்கிறேன், மேடையில் விரிப்பு விரித்திருக்கிறேன், ஜெயித்தவன் தோற்றவன் எல்லோர் பின்னாலும் போட்டோவுக்கு நின்றிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்தில் கட்சியில் ஒரு வாயிலிருந்தாவது 'நீ நில்லு' என்று வந்ததில்லை. எனக்கே தோன்றியதில்லை என்பதுதான் பெரிய வெட்கக்கேடு.

அப்படியே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மனுஷன் பயந்துபோய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "வேண்டாம்னா விடு, நான் சும்மாதான் சொன்னேன்" என்றார்.

"சும்மா சொன்னேன்னு மட்டும் சொன்னீங்க," என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கொன்னுடுவேன்."